கோட்டுக்குப் பின்னால் மழை

மொட்டை மாடிக்கு ஏறி வந்த பெண்மணியின் கையில் மீன் முள்ளைப் போல ஓர் ஆன்டெனா இருந்தது. நாலு மாடி ஏறிய மூச்சிரைப்பு அடங்கும் முன்பே அவர் அதை ஒரு சின்னப் பெட்டியோடு இணைத்து, நீட்டிப் பிடித்துக்கொண்டு மெல்லச் சுற்றினார். அடையாற்றுப் பக்கம் திருப்பியபோது பெட்டி சும்மா இருந்தது. நூலகத்தின் பக்கம் திருப்பியபோது லேசாக முனகியது. தண்ணீர்த் தொட்டியை ஒட்டி நின்ற இரும்புக் கம்பத்துக்கு நேராகத் திருப்பியதும் விடாமல் கத்தத் தொடங்கியது. அந்தக் கம்பத்தின் உச்சியில், மயிலாப்பூரைப் பார்த்தபடி ஒரு வெள்ளை டிஷ். அதை அங்கே மாட்டியவன் மகேஷ்.

"யார் இதுக்குப் பொறுப்பு?"

"நான்தான் மேடம்."

"என் பேர் வைதேகி. வானிலை ராடார்ல இருந்து வரேன்." அடையாள அட்டையைக் காட்டினார். ஐம்பது வயது இருக்கும். பருத்திப் புடவைக்குக் கீழே ஓட்டக்காரர்கள் போடுகிற ஷூ. "பதினோரு நாளா உங்களைத் தேடறேன். மந்தவெளியில அஞ்சு மொட்டை மாடி, அபிராமபுரத்துல ரெண்டு. இது எட்டாவது."

கம்பத்தடியில் உட்கார்ந்து கேபிள் சுற்றிக்கொண்டிருந்த அமீன் தலையைத் தூக்கினார். மகேஷோடு கம்பம் ஏறுகிறவர். அவனைவிடப் பத்து வயது பெரியவர். அடுத்த தெருவில், குடியிருப்பின் தரைத்தளத்தில் வீடு. "இன்னா மேடம், மானத்துல மழையைத் தேடுவீங்கன்னு பாத்தா எங்களைத் தேடிக்கினு கீறீங்க?"

வைதேகி சிரிக்கவில்லை. "அந்த மழையைப் பார்க்க விடாம பண்றதே நீங்கதான். லேப்டாப்பைத் திறங்க."

மகேஷ் திறந்தான். திரையில் டிஷ்ஷின் அமைப்புகள் வந்தன. சேனல், வேகம், திசை. எல்லாவற்றுக்கும் மேலே 'நாடு' என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் இந்தியா இல்லை. உலகப் படத்தில் விரல் வைத்துத் தேடினாலும் சட்டென்று அகப்படாத ஒரு தீவின் பெயர் இருந்தது.

வைதேகி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதைப் படித்தார். பிறகு கம்பத்தைப் பார்த்தார். பிறகு மகேஷைப் பார்த்தார். "கோட்டூர்புரத்துல நின்னுண்டு..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

"பாஸ்போர்ட் கீது மேடம் அதுக்கு," என்றார் அமீன். மகேஷ் அவரை முறைத்தான்.

மகேஷின் மாமா தனபாலனுக்குத் தி.நகரில் பாத்திரக் கடை. திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து, எவர்சில்வரில் ஆரம்பித்து மிக்ஸி வரை வந்துவிட்டவர். பக்கத்துக் கடைக்காரர்கள் நெட் சரியில்லை என்று புலம்பியதைக் கேட்டு, எட்டு வருஷம் முன்பு இந்தத் தொழிலையும் தொட்டார். பிறகு தங்கை மகன் கையில் கொடுத்துவிட்டார். தெருவெல்லாம் தோண்டிப் போட்டு, பூமிக்கடியில் போன கேபிளெல்லாம் மாதம் ஒரு முறை அறுந்துகொண்டிருந்த மயிலாப்பூரில், மாடியிலிருந்து மாடிக்குக் காற்றிலேயே நெட் அனுப்பும் மகேஷை எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. அதிலும் ஒரு சிக்கல். எல்லோரும் புழங்குகிற சேனல்களில் மயிலாப்பூர் பங்குனித் தேர் மாதிரி நெரிசல். ஒவ்வொரு வீட்டு வைஃபையும் ஒன்றன் மேல் ஒன்று ஏறி மிதித்துக்கொண்டிருந்தது. ஒரே ஒரு இடம் மட்டும் வெறிச்சோடிக் கிடந்தது. அது வானிலை ராடார் பேசுகிற இடம். மற்றவர்களும் அங்கே பேசலாம். ஆனால் ராடாரின் துடிப்பு காதில் விழுந்த கணமே நெட் அனுப்பும் பெட்டி வாயை மூடிக்கொள்ள வேண்டும். பத்து நிமிஷம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும். யாரும் இல்லையென்று நிச்சயமான பிறகுதான் மறுபடி வாயைத் திறக்கலாம். இந்த மரியாதை பெட்டிக்குள்ளேயே எழுதியிருக்கிறது. இந்த விதி இல்லாத ஒரு நாட்டின் பெயரைப் போட்டால் பெட்டி அந்த மரியாதையை மறந்துவிடும். தொழிலில் இருக்கிற பையன்களுக்கெல்லாம் இது தெரியும். 'ஊர் மாத்தி வைக்கிறது' என்பார்கள், ஏதோ பல்பு மாற்றுகிற மாதிரி.

மகேஷ் ஒரே ஒரு வீட்டுக்காகத்தான் ஊர் மாற்றினான்.

அது மயிலாப்பூரில் லஸ்ஸுக்குப் பக்கத்துச் சந்தில் சுப்பராமன் வீடு. எழுபத்தெட்டு வயது. பேச்சு தெளிவாக இருக்கும், சட்டைப் பொத்தான் வரிசையாகப் போட்டிருக்கும், ஆனால் எந்த வருஷத்தில் இருக்கிறோம் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. மனைவி கோமளம் அடையாற்றில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள். அவள் போய் ஆறு வருஷம் ஆகிறது. அவருக்கு மட்டும் அவள் இன்னும் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். வானம் கறுத்தால் போதும், ஆணியில் மாட்டியிருக்கும் பெரிய கறுப்புக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். பூட்டிப் பார்த்தார்கள். கதவை முட்டி முட்டி விரல் கணுவெல்லாம் ரத்தமாகிவிட்டது. அதன் பிறகு மகள் மதுவந்தி பூட்டவில்லை.

மதுவந்திக்குத் தரமணியில் வேலை. பார்த்துக்கொள்ளும் சந்திரிகா இரண்டு மணிக்கு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள். இரண்டிலிருந்து ஆறரை வரை அப்பாவைப் பார்த்துக்கொள்வது வாசலில் இருக்கும் காமிராதான். கதவு திறந்தால் மதுவந்தியின் கைபேசி கத்தும். அவள் உடனே தெருமுனையில் இஸ்திரி போடும் கபாலியைக் கூப்பிடுவாள். கபாலி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஓடிப் போய், "சார், டீச்சரம்மா போன் பண்ணாங்க. அடுத்த பஸ்ல வராங்களாம், உங்களை வூட்ல இருக்கச் சொன்னாங்க," என்பான். சுப்பராமன் தலையாட்டிவிட்டுத் திரும்பிவிடுவார். காமிரா, கைபேசி, கபாலி. இந்த மூன்றில் எது விட்டுப்போனாலும் அவர் தெருவில்.

ஆகஸ்டில் ஒரு நாள் விட்டுப்போனது. பெட்டி ராடாரைக் கேட்டு வாயை மூடிக்கொண்ட பத்து நிமிஷத்தில் அவர் கிளம்பிவிட்டார். மூன்று மணி நேரம் கழித்து, நனைந்து நடுங்கிக்கொண்டு, மந்தவெளி பஸ் நிலையத்தில் கிடைத்தார். ஒரு செருப்பு இல்லை. குடை விரித்தபடியே இருந்தது, ஆனால் அதைப் பக்கவாட்டில், பக்கத்தில் யாரோ நிற்கிற மாதிரிப் பிடித்திருந்தாராம். மறுநாள் மதுவந்தி மகேஷைக் கூப்பிட்டாள். திட்டவில்லை. "மகேஷ், இது அறுபடாம இருக்க ஒரு வழி கூட இல்லையா?" என்று மட்டும் கேட்டாள். அன்று சாயங்காலம்தான் பட்டியலைத் திறந்து அந்தத் தீவைத் தேர்ந்தெடுத்தான். நூற்று எட்டு நாளாக லிங்க் ஒரு விநாடிகூட அறுபடவில்லை. அவனுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

வைதேகி தன் கைபேசியை நீட்டினார். ராடார் படம். நடுவில் கடலோரத்து ராடார், சுற்றிலும் நகரம். நடுவிலிருந்து தென்மேற்காக, அடிமட்டம் வைத்துப் போட்ட மாதிரி ஒரு பச்சைக் கோடு மயிலாப்பூர் மேல், கோட்டூர்புரம் மேல், அதற்கும் அப்பால் படத்தின் விளிம்பு வரை போயிருந்தது.

"மழை இவ்வளவு நேரா பெய்யாது," என்றார். "இது உங்க டிஷ். ராடாருக்கு இது மழையா தெரியறது. தினமும் பார்த்துப் பார்த்து எங்க ஆட்களுக்குப் பழகிப்போச்சு. அந்தக் கோடுன்னா விட்டுடுங்கோன்னு ஆயிடுத்து. போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அந்தக் கோட்டுக்குப் பின்னாடி நிஜமாவே ஒரு மழை வந்தது. விட்டுட்டோம். நாற்பது நிமிஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சது."

அமீன் கேபிள் சுற்றுவதை நிறுத்தினார்.

போன செவ்வாய்க்கிழமை மாலை அவர் வீட்டுக்குள் முழங்கால் வரை தண்ணீர். ரெண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்துக்குப் பிறகு அந்தத் தெருவில் எல்லோரும் வானிலைச் செய்தி வந்தால் முதலில் சாமானைக் கட்டில் மேல் ஏற்றிவிடுவார்கள். அன்று செய்தி வரவில்லை. ஏற்றவில்லை. மகளின் பத்தாம் வகுப்புப் புத்தகங்கள் இன்னும் இந்த மாடியில்தான், அந்தக் கம்பத்தின் கீழேதான், செங்கல் வைத்துக் காய்ந்துகொண்டிருந்தன. அமீன் அவற்றைப் பார்த்தார். பிறகு கோட்டைப் பார்த்தார்.

"எங்க வூட்டு மேலதான் போவுதா?"

வைதேகி தலையசைத்தார். அமீன் அதற்கு மேல் கேட்கவில்லை. வாய் ஓயாத மனிதர் அவர். அந்த மௌனத்தை மகேஷால் தாங்க முடியவில்லை.

அவன் சுப்பராமனைப் பற்றிச் சொன்னான். திக்கித் திணறி, குடையிலிருந்து ஆரம்பித்து இஸ்திரி வண்டி வரை. வைதேகி இடைமறிக்காமல் கேட்டார். "என் மாமியாருக்கும் இதேதான்," என்றார் கடைசியில். "அந்தப் பெரியவருக்குப் பாவம் பார்த்தா நான் இந்தத் திசையைப் பார்க்க முடியாது. இந்தத் திசையில எத்தனை பேர் இருக்கான்னு எனக்கே தெரியாது. இன்னிக்குச் சாயங்காலம் ஒண்ணு வரும் போலிருக்கு. இப்ப நான் சீல் வைக்கலாம். வைக்கலை. நாலு மணிக்குள்ள நீங்களே மாத்திடுங்கோ." தன் நம்பரை அவன் கைபேசியில் போட்டுவிட்டுப் படியிறங்கினார்.

மகேஷ் மாமாவுக்குப் போன் போட்டான். கடையில் குக்கர் விசில் சத்தத்தை யாரோ சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏல மகேசு, இதுக்கா பதறுத? அந்தம்மா சொல்லுத நேரத்துக்கு மாத்து. அவுக போன பெறவு திருப்பி வையி. இந்தியாவா இருந்தா என்ன, எந்த நாடா இருந்தா என்ன, பில்லு நம்ம பேர்லதான வருது?"

"மாமா, அமீன் பாய் வீட்டுக்குள்ள தண்ணி வந்ததே அதனாலதான்."

குக்கர் ஒரு முறை கத்தி ஓய்ந்தது. "அப்ப நீயே பாத்துக்க," என்றார் தனபாலன், குரல் இறங்கி. "என்னயக் கேட்டா ஏவாரி மாதிரிதாம்ல சொல்லுவேன்."

அடுத்து மதுவந்தி. அதைத்தான் அவன் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தான். மீட்டிங்கிலிருந்து வெளியே வந்து பேசினாள்.

"அப்போ மழை வரச்சே லிங்க் போயிடும்."

"எப்ப வேணாலும் போகும்க்கா. மழைன்னு இல்ல."

"ஆனா அப்பா கிளம்பறது மழைக்குத்தானே. ராடாரும் மழைக்கு, அப்பாவும் மழைக்கு." சிரித்தாளா, அழுதாளா என்று தெரியவில்லை. "மழை வந்தா ஊருக்கே டிவில சொல்லுவா மகேஷ். எங்கப்பா வெளில போனா எனக்கு யார் சொல்லுவா? பத்து நிமிஷம். அவருக்குப் பத்து நிமிஷம் போறும்."

"இன்னைக்கு நான் வீட்டுக்குப் போய் நிக்கறேன். நான் வாசல்ல நின்ன பிறகுதான் இங்க மாத்தச் சொல்வேன். நீங்க வர்ற வரைக்கும் இருக்கேன்," என்றான்.

"இன்னிக்கு," என்றாள் அவள்.

லேப்டாப்பை அமீனிடம் கொடுத்தான். "போன் பண்ணதும் மாத்திடுங்க பாய். அதுவரைக்கும் தொடாதீங்க." அமீன் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "சீக்கிரம் போ நைனா. மேகம் ஏறிக்கினு வருது," என்றார். அதுதான் அரை மணி நேரத்தில் அவர் பேசிய முதல் வார்த்தை.

அப்போது மணி இரண்டே கால். பாலம் தாண்டும் வரை பைக் நன்றாகத்தான் போயிற்று. அதற்கப்புறம் தோண்டிய தெருக்கள். எங்கு திரும்பினாலும் தகரத் தடுப்பு, ஒற்றைச் சாரி, முன்னால் பின்புறமாக நகரும் ஒரு லாரி. மந்தவெளி சிக்னலில் வண்டி அசையாமல் நின்றபோது கண்ணாடியில் பின்பக்க வானம் தெரிந்தது. கொதிக்கிற அலுமினியப் பாத்திரத்தின் அடிப்பக்கம் மாதிரி கறுத்திருந்தது. ஹெல்மெட்டுக்குள் செருகியிருந்த கைபேசி அடித்தது.

"மகேஷ், வைதேகி பேசறேன். நாலு மணின்னு சொன்னேன். அது காத்திருக்காது போலிருக்கு. தென்மேற்கே ஏதோ எழும்பறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் தெரியறது, அந்தப் பக்கம் கொஞ்சம் தெரியறது. நடுவுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியலை. எச்சரிக்கை கொடுக்கறதா வேண்டாமான்னு இப்ப நான் முடிவு பண்ணணும்."

"ஒரு பத்து நிமிஷம் மேடம். ஒரே கிலோமீட்டர்தான்."

"பத்து நிமிஷத்துல அது ஆத்தைத் தாண்டிடும்."

சிக்னல் பச்சையானது. லாரி நகரவில்லை. பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். மகேஷ் கபாலியைக் கூப்பிட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மேகம் ஏறினால் கபாலி துணியெல்லாம் நனையும் முன் வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுப் போய்விடுவான் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. காமிரா, கைபேசி, கபாலி. ஒன்று ஏற்கெனவே போய்விட்டது. இரண்டாவதை அவன் வாயால் சொல்லி எடுக்க வேண்டும்.

செங்கலுக்குக் கீழே காய்ந்த புத்தகங்கள் நினைவுக்கு வந்தன. பக்கவாட்டில் சாய்ந்த குடையும் வந்தது. இரண்டில் எதை முதலில் நினைத்தான் என்று பிறகு எத்தனை யோசித்தும் அவனுக்குத் தெரியவில்லை.

"பாய்," என்றான். "மாத்துங்க."

"நீ போய்ச் சேந்துட்டியா?"

"இல்ல. மாத்துங்க."

லேப்டாப்பில் தட்டும் சத்தம் கேட்டது. "இந்தியா போட்டாச்சு. பொட்டில எல்லா வெளக்கும் அணைஞ்சிடுச்சு நைனா. கேட்டுக்கினு கீது." பிறகு, "நான் பொஸ்தவத்தை எடுத்துக்கினு வூட்டுக்குப் போய் சாமானை மேல ஏத்துறேன்."

மகேஷ் பைக்கை நடைபாதையில் ஏற்றினான். ஒரு பூக்காரம்மாள் அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டினாள். தடுப்புக்கும் சுவருக்கும் இடையில் கால் ஊன்றி ஊன்றிப் போய், இரண்டு சந்தில் எதிர்த்திசையில் நுழைந்து, சுப்பராமன் வீட்டு வாசலில் வண்டியைப் போட்டபோது மதுவந்தி மூன்று முறை கூப்பிட்டிருந்தாள். கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. உள்ளே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஆணியில் குடை இல்லை. வாசல் காமிராவின் சிவப்பு விளக்கு, வழிதெரியாத கண் மாதிரி, விட்டு விட்டு மின்னியது.

அவன் ஓடினான். லஸ் முனை. பஸ் நிறுத்தம். கூட்டத்துக்கு நடுவில், விளம்பரப் பலகைக்கு ஓரமாக, இஸ்திரி போட்ட சட்டையும் வேஷ்டியுமாக, மடக்கிய குடையைத் துப்பாக்கி மாதிரித் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றிருந்தார் சுப்பராமன். இரண்டு காலிலும் செருப்பு இருந்தது.

மகேஷ் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். பிறகு மதுவந்திக்குப் போன் போட்டான்.

"இருக்கார்க்கா. லஸ்ல. நான் பக்கத்துல நிக்கறேன்."

பின்னணியில் யாரோ ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே போனார்கள்.

"நான் வந்துண்டிருக்கேன்," என்றாள். பிறகு, "நாளைக்கு என்ன பண்றது மகேஷ்?"

அவள்தான் போனை வைத்தாள்.

கைபேசி மறுபடி அதிர்ந்தது. வைதேகி ஒரு படம் அனுப்பியிருந்தார். கோடு இல்லை. கோடு இருந்த இடத்தில், தென்மேற்கே, சிவப்பும் மஞ்சளுமாக ஒரு பெரிய மழை, உள்ளங்கை மாதிரி விரிந்து, ஆற்றை நோக்கி வந்துகொண்டிருந்தது. கீழே ஒரே ஒரு வரி: 'தெரியறது. சொல்லியாச்சு.' சுற்றி நின்றவர்களின் கைபேசிகள் ஒவ்வொன்றாக எச்சரிக்கை ஒலி எழுப்பின. ஒருத்தர் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

"நீங்க யாருக்காக நிக்கறேள்?" என்று கேட்டார் சுப்பராமன்.

மகேஷ் திரும்பினான். கபாலியின் பொய் அவனுக்கு மனப்பாடம். டீச்சரம்மா அடுத்த பஸ்ல வராங்களாம். நாக்கு நுனி வரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்தபின் வெளியே வரவில்லை.

"சும்மாதான் சார். துணைக்கு."

"எங்காத்துக்காரி வருவா. குடையே எடுத்துண்டு போகமாட்டா. முப்பது வருஷமா சொல்லிப் பாத்துட்டேன், கேக்கறதில்லை." குறையாகச் சொன்ன மாதிரி இல்லை. "இன்னிக்குப் பலமா வரும் போலிருக்கே?"

"ஆமா சார். பலமா வருது."

முதல் துளி விழுந்தது. பிறகு பத்து. பிறகு எண்ண முடியவில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு, ஒரு பக்கம் சாய்ந்தபடி வந்து நின்றது. சுப்பராமன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். மகேஷ் அவர் முழங்கையைப் பிடிக்கக் கையை நீட்டி, பிடிக்காமல், ஓர் அடி பின்னாலேயே நின்றான். அவர் குடையை விரித்து, தான் நனைந்தபடி, கையை முழுசாக நீட்டி அதைப் பின்படிக்கட்டுக்கு மேலே பிடித்தார். காலேஜ் பெண் ஒருத்தி இறங்கினாள். மீன் கூடையோடு ஓர் அம்மாள். தோள்பையை மார்போடு அணைத்த ஒரு கணக்குப்பிள்ளை. இறங்கிய ஒவ்வொருவரும் ஒரு விநாடி அந்தக் குடைக்குள் வந்து, நிமிர்ந்து பார்த்து, பிறகு மழைக்குள் ஓடினார்கள். சுப்பராமன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு குடையை அசைக்காமல் பிடித்திருந்தார்.